நாலாவது நகர்வில் எது வரும்? ஓப்பனிங் பயிற்சிக்கு ஏற்ற கணினி எதிராளி எது

செஸ்ஸில் கருப்பு ஆடும் கேரோ-கான் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வு வரிசை, படித்தாகிவிட்டது. அதன் ஒரு கிளையான அட்வான்ஸ் வேரியேஷனில் பத்துப் பன்னிரண்டு நகர்வு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். போட்டிக்குப் போய் உட்கார்ந்தால், எதிரே இருப்பவர் நாலாவது நகர்விலேயே படிக்காத ஒன்றை வைக்கிறார். கடிகாரம் ஓடுகிறது, மனப்பாடம் செய்தது எதுவும் கைகொடுக்கவில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் பெரும்பாலோர் கணினியோடு உட்காருகிறார்கள். உட்கார்ந்ததும் முதலில் பார்ப்பது, 'எந்த லெவல் வைக்கலாம்?' என்பதை. அங்கேதான் தப்பு தொடங்குகிறது. ஓப்பனிங் பயிற்சியில் எதிராளியின் பலம் இரண்டாவது விஷயம். அது நாலாவது, ஐந்தாவது நகர்வில் எதை வைக்கும், எந்த மாதிரித் தவறு செய்யும் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

கட்டங்களின் பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே இங்கே எழுதியிருக்கிறோம்: ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச். காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்வு. எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கருப்பின் நகர்வு.

சோதனைக்கு ஒரு நிலை

எல்லாக் கணினி எதிராளிகளையும் ஒரே நிலையில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். 1. ஈ4 சி6 2. டி4 டி5 3. ஈ5 பிஷப் எஃப்5. கருப்பில் நாம். ஹொரேஷியோ கேரோவும் மார்கஸ் கானும் 1886-இல் அலசிய ஓப்பனிங்கின் அட்வான்ஸ் கிளை இது. ஓப்பனிங் குறியீட்டில் பி12.

இங்கே வெள்ளைக்கு நான்கு முக்கியமான வழிகள் உண்டு. 4. குதிரை எஃப்3, அடுத்து பிஷப் ஈ2 என்று நிதானமாகப் போவது நைஜல் ஷார்ட்டின் பெயரால் அறியப்படும் வழி. பெரிய ஆட்டக்காரர்கள் அதிகம் விரும்புவது. 4. குதிரை சி3 வைத்து, பிறகு ஜி4 தள்ளி பிஷப்பைத் துரத்துவது ஒன்று. 4. எச்4 இன்னொன்று, 1961 உலகப் பட்ட மறுபோட்டியில் பொத்வின்னிக்குக்கு எதிராக தால் வைத்தது. நான்காவது வழி 4. பிஷப் டி3. கிளப் மட்டத்தில் இதுதான் சலிக்கச் சலிக்க வரும். 'எதிரியின் நல்ல காயை மாற்றிவிடுவோம்' என்று மனித மூளைக்குச் சட்டெனத் தோன்றும் நகர்வு.

கடைசி இரண்டையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

4. எச்4 வந்ததும் கருப்பு வழக்கம்போல ஈ6 வைத்தால் பிஷப் போய்விடும். 5. ஜி4 பிஷப் ஈ4 6. எஃப்3 பிஷப் ஜி6 7. எச்5. இப்போது அந்த பிஷப்புக்குப் போக இடமில்லை. சி2-இல் ஒரு சிப்பாயைத் தின்றுவிட்டுச் சாகலாம், அவ்வளவுதான். ஆகவே நாலாவது நகர்வில் எச்5 என்றோ எச்6 என்றோ வைத்துவிட வேண்டும். '3... பிஷப் எஃப்5, அடுத்தது ஈ6' என்று விரலுக்குப் பழக்கிவைத்தவர்கள் விழும் குழி இது.

4. பிஷப் டி3 வேறு ரகம். இதில் பொறி எதுவும் கிடையாது. கருப்பு டி3-இல் வெட்டி, வெள்ளை ராணி திரும்ப வெட்ட, ஈ6 வைத்தால் கருப்புக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளையின் சிப்பாய்கள் டி4, ஈ5 என்று கரும் கட்டங்களில் நிற்பதால் அவர் இழந்தது நல்ல பிஷப். நம் சிப்பாய்கள் வெளிர் கட்டங்களில் நிற்பதால் நாம் இழந்தது தொல்லை தரும் பிஷப். 1927 நியூயார்க் போட்டியில் நிம்சோவிச் இதைத்தான் வைத்தார். காபாபிளாங்கா 6. குதிரை சி3-க்கு ராணி பி6, 7. குதிரை ஈ2-க்கு சி5 என்று போய், வெளிர் கட்டங்களைப் பிடித்துக்கொண்டு ஜெயித்தார். ஆக இந்த வழிக்குத் தேவை திட்டம். ராணி எங்கே போகும், சி5 எப்போது, குதிரை எஃப்5-க்கு எப்படி வரும் என்பதெல்லாம் மனப்பாடத்தில் வராது. பத்து முறை விளையாடினால் வரும்.

இந்த நான்கையும், குறிப்பாகக் கடைசி இரண்டையும், நமக்கு மாற்றி மாற்றித் தருகிற கணினி எது?

முழுப் பலத்தில் ஸ்டாக்ஃபிஷ்

எளிதில் கிடைக்கும் செஸ் எஞ்சின், அதாவது நகர்வுகளைக் கணக்கிடும் நிரல்; காசும் இல்லை. லீசெஸ் என்ற இலவச செஸ் தளத்தில் அனாலிசிஸ் பலகையைத் திறந்து, 3... பிஷப் எஃப்5 வரை காய்களை நகர்த்தி, மெனுவில் 'இங்கிருந்து தொடர்' என்பதைத் தொட்டால் 'கணினியோடு விளையாடு' என்று வரும். பலத்தையும் நிறத்தையும் தேர்ந்தெடுத்தால் ஆட்டம் அந்த நிலையிலிருந்தே தொடங்கும். அதே பலகையில் 'கணினியோடு பயிற்சி' என்றும் ஒரு பொத்தான் உண்டு. அது ஒவ்வொரு நகர்வுக்கும் உடனே 'நல்ல நகர்வு', 'தவறு, இது மேல்' என்று சொல்லிக்கொண்டே வரும்.

பொறிகளைப் பழக இதைவிட நல்லது இல்லை. 4. எச்4 வரை வைத்துவிட்டுக் கருப்பில் உட்காருங்கள். ஈ6 வைத்தால் ஜி4 உடனே வரும், இரக்கம் கிடையாது. இரண்டு முறை பிஷப்பைப் பறிகொடுத்தால் மூன்றாவது முறை கை தானாக எச்5-க்குப் போகும்.

மற்றதற்கு இது பொருந்தாது, இரண்டு காரணங்கள். ஒன்று, ஸ்டாக்ஃபிஷ் தனக்கு நல்லதாகப் படுவதை மட்டுமே வைக்கும். 4. பிஷப் டி3-ஐ நீங்களாக வைத்துக் கொடுத்தால் ஒழிய அது தேடிப் போய் வைக்கப் போவதில்லை. அதோடு ஒரே த்ரெட் (கணக்கிடும் இழை), ஒரே ஆழம் (எத்தனை நகர்வு முன்னே பார்ப்பது) என்று ஓட்டினால் அதே நிலைக்கு அதே நகர்வுதான் திரும்பத் திரும்ப வரும். பத்து ஆட்டம் விளையாடினாலும் ஒரே கிளையைப் பத்து முறை பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது இன்னும் மோசம். ஓப்பனிங் முழுக்கச் சரியாக வைத்திருப்பீர்கள், பதினைந்தாவது நகர்வில் நிலை சமமாகவே இருக்கும். இருபத்தேழாவது நகர்வில் ஒரு சின்னத் தாக்குதலைக் கவனிக்காமல் விட்டு, நாற்பதில் தோற்பீர்கள். இப்படி நாலு ஆட்டம் போனால் மனசு 'கேரோ-கான் நமக்குச் சரிப்படாது' என்று முடிவு கட்டிவிடும். குற்றம் ஓப்பனிங்கின் மேல் இல்லை. முழு ஸ்டாக்ஃபிஷோடு ஓப்பனிங் பயிற்சி என்றால் பதினைந்தாவது நகர்வில் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தி, மதிப்பீட்டைப் பாருங்கள் (+ என்றால் வெள்ளைக்குச் சாதகம்). ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் +1.00 என்றால், எஞ்சினுக்கு எஞ்சின் மோதும்போது வெள்ளை ஜெயிக்கும் வாய்ப்பு பாதி என்று பொருள்படும்படி எண்களைச் சீரமைத்திருக்கிறார்கள். ஆகவே கருப்பில் +0.4, +0.5 என்று காட்டினால் பதற வேண்டாம். மனிதர்கள் விளையாடும் ஆட்டத்தில் அது ஒன்றும் இல்லை. நீங்கள் பாஸ்.

பலம் குறைத்த ஸ்டாக்ஃபிஷ்: அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது, அதிகம் ஏமாற்றுவது

'நம்ம ரேட்டிங் 1400, அதனால் 1400-இல் வைப்போம்' என்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் எஞ்சினின் 1400-உம் மனிதனின் 1400-உம் ஒன்றல்ல.

ஸ்டாக்ஃபிஷில் 'ஸ்கில் லெவல்' என்று 0 முதல் 20 வரை ஓர் அமைப்பு உண்டு. அதைக் குறைத்தால் நகர்வைத் தேர்ந்தெடுக்கும் விதம் மாறும். நல்ல நகர்வுகள் சிலவற்றைக் கண்டுபிடித்து, அவற்றில் வேண்டுமென்றே மட்டமான ஒன்றை அவ்வப்போது சீட்டுக் குலுக்கி எடுப்பது போல எடுக்கும். எலோ எண் (ஆட்டப் பலத்தைக் காட்டும் ரேட்டிங்) கொடுத்துக் குறைக்கும் வசதியும் இதே இயந்திரத்தின் மேல்தான் ஓடுகிறது. அதன் வரம்பு 1320 முதல் 3190 வரை. அந்த எண்களும் எஞ்சின்களின் தரவரிசைக்கு ஏற்ப அளவிடப்பட்டவை. உலக செஸ் கூட்டமைப்பு தரும் உங்கள் ஃபிடே ரேட்டிங்கோடு ஒப்பிட அவை உதவாது. லீசெஸின் எட்டு நிலைகளும் இதே மாதிரிதான். கீழே போகப் போக ஸ்கில், ஆழம், நேரம் மூன்றும் சேர்ந்து குறையும்.

விளைவு பலகையில் தெரியும். எட்டு நகர்வு கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடும். ஒன்பதாவதில் காரணமே இல்லாமல் ஒரு குதிரையைத் தூக்கிக் கொடுக்கும். 1400 மனிதர் அப்படிச் செய்ய மாட்டார். அவரும் குதிரையைக் கொடுப்பார்தான். பி7 சிப்பாய்க்கு ஆசைப்பட்டு ராணியைக் கொண்டுபோய், அங்கே மாட்டிக்கொண்டு கொடுப்பார். அவருடைய தவறுக்குப் பின்னால் ஓர் ஆசையோ அவசரமோ இருக்கும். அந்த ஆசையைப் படித்துத் தண்டிப்பதுதான் ஓப்பனிங் அறிவில் பாதி. குலுக்கலில் விழுந்த குதிரையை எடுத்துக்கொள்ள எந்த அறிவும் வேண்டாம்.

இதைவிடப் பெரிய தொல்லை, நாலாவது ஐந்தாவது நகர்விலேயே அது ஒரு ஓரச் சிப்பாயைத் தள்ளிவிட்டு ஓப்பனிங்கை விட்டு வெளியே போய்விடுவது. பயிற்சி செய்ய வந்த நிலையே கிடைக்காது. செஸ் டாட் காமில் படம் ஒட்டிய பாட்கள் (கணினி எதிராளிகள்) பார்க்க அழகு, பேசவும் செய்யும். பல பாட்கள் கட்டணம் செலுத்தும் உறுப்பினர்களுக்கு மட்டும். கீழ் ரேட்டிங் பாட்களிடம் இதே குணம் உண்டு என்பதை மனதில் வையுங்கள். முகத்துக்கு ஏற்ற மாதிரி அவை தவறு செய்வதில்லை.

ஒரு வேலைக்கு மட்டும் இந்த ரகம் நன்றாக உதவும். ஓப்பனிங் முடிந்து நமக்குக் கொஞ்சம் நல்ல நிலை வந்துவிட்டது, அதை ஜெயிப்பாக மாற்றப் பழக வேண்டும் என்றால், அந்த நிலையை லீசெஸின் 5, 6-ஆம் நிலைக்கு எதிராக வைத்து விளையாடலாம்.

மையா: மனிதத் தவறு செய்யும் எஞ்சின்

2020-இல் வெளியானது. டொராண்டோ பல்கலைக்கழகம், கார்னெல் பல்கலைக்கழகம், மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் ஆய்வாளர்கள் செய்தது. லீசெஸ் தளத்தில் மனிதர்கள் விளையாடிய ஆட்டங்களைக் கொடுத்து, 'இந்த ரேட்டிங் ஆள் இந்த நிலையில் எதை வைப்பார்?' என்று மட்டும் கேட்டுப் பழக்கிய நரம்பியல் வலை. 1100 முதல் 1900 வரை நூறு நூறாக ஒன்பது மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் 1 கோடியே 20 லட்சம் ஆட்டங்கள். எது சிறந்த நகர்வு என்ற கேள்வியே அதற்குக் கிடையாது. மனிதர் வைத்த அதே நகர்வைப் பாதிக்கும் சற்று அதிகமான நேரங்களில் சரியாகச் சொல்கிறது. இந்த ஒரு வேலையில் ஸ்டாக்ஃபிஷ் அதற்குப் பின்னால்தான்.

நம் நிலையில் இதன் அருமை உடனே தெரியும். பிஷப்பை மாற்ற ஆசைப்படுவது, சிப்பாய்க்கு ராணியை அனுப்புவது, காஸ்லிங் செய்த கையோடு எச் சிப்பாயைத் தள்ளுவது எல்லாம் இயல்பாக வரும். விளையாடி முடித்ததும் 'இப்படி ஒருத்தரோடு போன மாதம் விளையாடியிருக்கிறோமே' என்று தோன்றும்.

எங்கே கிடைக்கும்? லீசெஸில் மையா1, மையா5, மையா9 என்று மூன்று பாட் கணக்குகள். முறையே 1100, 1500, 1900 ஆட்டங்களில் பழக்கியவை. மையா திட்டத்தின் சொந்தத் தளத்திலும் ஓப்பனிங் பயிற்சிக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது: ஓப்பனிங்கையும் எதிராளியின் ரேட்டிங்கையும் தேர்ந்தெடுத்தால், அந்த நிலையிலிருந்து விளையாடலாம். இறக்கி நிறுவத் தெரியாதவர்களுக்கு இதுதான் நேரான வழி.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மையா முன்யோசனை செய்வதில்லை. பலகையைப் பார்த்ததும் மனிதர்கள் அதிகம் வைக்கும் நகர்வை வைத்துவிடும். இதனால் இரண்டு விளைவு. முதலாவது, பெயரில் உள்ள எண்ணைவிடக் கொஞ்சம் பலமாகவே விளையாடும். ஆயிரம் பேரிடம் கேட்டுப் பெரும்பான்மை சொல்வதை வைப்பது போன்றது அது. தனி ஆளின் கிறுக்குத்தனங்கள் அதில் அடிபட்டுப் போகும். உங்கள் ரேட்டிங்கைவிட ஒரு படி கீழே உள்ள மாதிரியில் தொடங்குங்கள். இரண்டாவது, அதே நிலைக்கு அதே நகர்வையே வைக்கும். நாலாவது நகர்வில் பிஷப் டி3-உம் வேண்டும், எச்4-உம் வேண்டும் என்றால் மையாவை மட்டும் நம்பினால் நடக்காது. இறுதி ஆட்டத்தில் சில நேரம் பரிதாபமாக உளறும் என்பதும் உண்மை. ஓப்பனிங் பயிற்சிக்கு அது பெரிய குறையில்லை.

புத்தகமும் எஞ்சினும் சேர்ந்து

கணினியில் அரை நாள் செலவழிக்கத் தயார் என்றால், எல்லாவற்றிலும் மேலானது இதுதான். முதல் ஆறு, எட்டு நகர்வுகளை ஒரு ஓப்பனிங் புத்தகக் கோப்பிலிருந்து எதிராளி வைக்கும். புத்தகம் தீர்ந்ததும் நீங்கள் தேர்ந்தெடுத்த எஞ்சின் தொடரும். எந்தக் கிளை எத்தனை முறை வர வேண்டும் என்பது உங்கள் கையில்.

இதற்கு இலவசமாகக் கிடைப்பதில் லூகாஸ் செஸ் முன்னால் நிற்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். மையா மாதிரிகள் அதனுடனேயே வருகின்றன. முகப்பு கொஞ்சம் மிரட்டும், மெனுவுக்குள் மெனு. பயப்படாமல் எஞ்சினோடு விளையாடும் பகுதிக்குப் போனால் அமைப்புகளில் 'தொடக்க நகர்வுகள்' என்று ஒரு தாவல் இருக்கும். ஆட்டம் தொடங்கும் நிலையையோ ஓப்பனிங்கையோ அங்கே கொடுக்கலாம். கீழே எதிராளிக்கான புத்தகம்: கோப்பைத் தேர்ந்தெடுத்து, எத்தனை நகர்வு வரை என்று வரம்பு வைத்து, தேர்வு முறையில் 'விகிதப்படி எதேச்சையாக' என்பதைப் போடுங்கள். 'எப்போதும் அதிக சதவீதம்' என்று விட்டுவிட்டால் ஒரே கிளைதான் திரும்ப வரும். பலர் இங்கேதான் கோட்டை விட்டுவிட்டு, 'புத்தகம் வேலை செய்யவில்லை' என்கிறார்கள். எதிராளி மையா-1500, புத்தகம் ஆறு நகர்வு வரை. இவ்வளவுதான்.

புத்தகத்தை எங்கிருந்து எடுப்பது? நிரல்கள் பெரும்பாலும் ஏற்கும் வடிவம் பாலிகிளாட். அதில் ஒவ்வொரு நகர்வுக்கும் ஓர் எடை இருக்கும். எடைக்கு ஏற்ற விகிதத்தில் நகர்வு வரும். இணையத்தில் கிடைக்கும் பெரிய புத்தகங்கள் மாஸ்டர் ஆட்டங்களிலிருந்து செய்தவை, அல்லது எஞ்சின் போட்டிகளுக்காகச் செதுக்கியவை. அவற்றில் 4. பிஷப் டி3 அபூர்வமாகத்தான் எட்டிப் பார்க்கும். நமக்கு வேண்டியது நம் மட்டத்துப் புத்தகம். லீசெஸின் ஓப்பனிங் எக்ஸ்புளோரரில் மாஸ்டர்ஸ் என்பதை விட்டு லீசெஸ் தரவுக்கு மாறி, ரேட்டிங் 1400, 1600 குழுக்களையும், ரேபிட், கிளாசிக்கல் நேர வகைகளையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸைச் சேர்த்தால் அவசர நகர்வுகள் கலந்துவிடும். 3... பிஷப் எஃப்5-க்குப் பிறகு காட்டும் சதவீதங்களைக் குறித்துக்கொண்டு, அந்த விகிதத்தில் எடை கொடுங்கள். உங்களுக்கு உதைக்கிற கிளைக்கு வேண்டுமென்றே இரட்டிப்பு எடை போடலாம், 4. எச்4-ஐ மறந்து மறந்து விழுபவர் அதற்கு மூன்று மடங்கு போட்டாலும் தப்பில்லை.

ஆட்டக் கோப்பிலிருந்து பாலிகிளாட் நிரல் கொண்டே புத்தகம் செய்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. வெறுமையான புத்தகம் வந்தால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

குறைந்தபட்ச ஆட்ட எண்ணிக்கை இயல்பாக 3 என்று இருக்கும். அதாவது மூன்று ஆட்டங்களுக்குக் குறைவாக வந்த நகர்வு புத்தகத்தில் ஏறாது. உங்கள் லைன்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருந்தால் எல்லாமே காணாமல் போகும். அதை 1 ஆக்குங்கள். அடுத்து, அடைப்புக்குறிக்குள் எழுதிய கிளைகளை அது படிக்காது, முதன்மை வரியை மட்டும்தான் எடுக்கும். ஒவ்வொரு கிளையையும் தனி ஆட்டமாகப் பிரித்து எழுத வேண்டும். மூன்றாவதுதான் கண்ணில் படாதது. எடை என்பது வெற்றிக்கு 2, டிராவுக்கு 1, தோல்விக்கு 0. காபாபிளாங்காவின் அந்த 1927 ஆட்டத்தை ஆசையாகச் சேர்த்தால் என்ன ஆகும்? ஜெயித்தது கருப்பு, வெள்ளையின் நகர்வுகளுக்கெல்லாம் எடை 0, புத்தகத்தில் இருந்தே அவை விலக்கப்படும். நமக்கு எதிராளியாக வேண்டியதோ வெள்ளையின் நகர்வுகள்தான்! சேர்க்கும் ஆட்டங்களின் முடிவை எல்லாம் டிரா என்று மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். லூகாஸ் செஸ் உள்ளேயே பாலிகிளாட் புத்தகம் தயாரிக்கும் கருவி இருக்கிறது; கட்டளை வரி பிடிக்காதவர்கள் அதைப் பயன்படுத்தலாம்.

ஆண்ட்ராய்டு போன் மட்டும் இருப்பவர்களுக்கு டிராய்ட்ஃபிஷ் உண்டு. இலவசம், பாலிகிளாட் கோப்பை ஏற்கும், நிலையை ஒட்டித் தொடங்கலாம். கணினியில் செய்த புத்தகத்தைப் போனுக்கு மாற்றிக்கொண்டால் பேருந்தில் போகும்போதுகூடப் பழகலாம். ஆனால் எஞ்சின் ஓடும்போது போன் சூடாகும், பேட்டரி இறங்கும்.

மனப்பாடக் கருவிகளை எதிராளி என்று எண்ண வேண்டாம்

செஸ்ஸபிள் போன்றவை, நீங்கள் உள்ளிட்ட அல்லது வாங்கிய லைனை இடைவெளி விட்டு விட்டுக் கேட்கும். மறந்தது சீக்கிரம் திரும்பி வரும், நினைவிருப்பது தள்ளிப் போகும். லீசெஸ் ஸ்டடியில் ஒரு அத்தியாயத்தை 'அடுத்த நகர்வுகளை மறை' என்ற முறைக்கு மாற்றினால் இதன் எளிய வடிவம் இலவசமாகக் கிடைக்கும். ஒரு ஸ்டடிக்கு 64 அத்தியாயம் வரை வைக்கலாம். முதல் வாரத்துக்கு இவை அவசியம். புத்தகமே தெரியாமல் எஞ்சினோடு உட்காருவதில் பயனில்லை. ஆனால் இவை நீங்கள் எழுதியதை மட்டுமே கேட்கும். நீங்கள் எழுதாத நகர்வை வைத்து உங்களைத் திகைக்க வைக்க அவற்றால் முடியாது. போட்டியில் நடப்பதோ அதுதான்.

யாருக்கு எது

ரேட்டிங் 1200-க்குக் கீழே என்றால் புத்தகம் தயாரிக்கும் வேலையெல்லாம் வேண்டாம். மையா தளத்தின் ஓப்பனிங் பகுதியில் 1100 மாதிரியோடு விளையாடுங்கள். பொறிகளை மட்டும் முழு ஸ்டாக்ஃபிஷோடு பழகுங்கள். 1200 முதல் 1800 வரையானவர்களுக்குப் புத்தகமும் மையாவும் சேர்ந்த வழி கொடுக்கும் பலனை வேறெதுவும் கொடுக்காது. அரை நாள் செலவுக்கு ஆறு மாதம் வேலை செய்யும். 1800-க்கு மேலே போனால் மையா-1900-உம் போதாமல் போகும். அப்போது மாஸ்டர் ஆட்டங்களிலிருந்து செய்த புத்தகமும் முழு ஸ்டாக்ஃபிஷும் என்று மாறலாம். ஆனால் அதே பதினைந்தாவது நகர்வு விதியோடு. சொல்லப்போனால், குகேஷ் கிராண்ட்மாஸ்டர் மட்டத்துக்கு வரும்வரை எஞ்சினைத் தொடாமல் வளர்க்கப்பட்டவர் என்பது சென்னை செஸ் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சீக்கிரமாக எஞ்சினைத் திறந்துவிடுகிற பெற்றோர்கள் இதை யோசிக்கலாம்.

முக்கால் மணி நேரம் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: பத்து நிமிடம் மனப்பாடக் கருவி. பிறகு ஆளுக்குப் பத்து நிமிடம், அதோடு ஒவ்வொரு நகர்வுக்கும் ஐந்து நொடி கூடுதல் என்ற கணக்கில் ஓர் ஆட்டம், மதிப்பீட்டுப் பட்டையை மறைத்துவிட்டு. பதினைந்தாவது நகர்வில் நிறுத்தி, மீதி நேரத்தில் முழு ஸ்டாக்ஃபிஷைத் திறந்து ஒரே ஒரு கேள்வி: நான் முதலில் தடுமாறிய நகர்வு எது? மோசமான நகர்வைத் தேட வேண்டாம்; அதிக நேரம் யோசித்த நகர்வைத் தேடுங்கள். அதற்கான பதிலைப் புத்தகத்தில் சேர்த்துவிட்டு மூடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை நிறத்தை மாற்றி, வெள்ளையில் உட்கார்ந்து அட்வான்ஸை நீங்களே ஆடிப் பாருங்கள். ஜி4 தள்ளும்போது ஏற்படும் ஆசை எப்படிப்பட்டது என்று தெரிந்தால், எதிரே இருப்பவர் எப்போது தள்ளுவார் என்பதும் தெரியும்.

நகர்வைத் திரும்பப் பெறும் டேக்பேக் வசதியை அணைத்து வையுங்கள். பொறியில் விழுந்ததும் பின்வாங்கி எச்5 வைத்தால், கை கற்றுக்கொள்வது பின்வாங்குவதை மட்டுமே.

நிலையை போர்டு எடிட்டரில் காய்களை அடுக்கி உருவாக்குபவர்கள் இரண்டு இடத்தைச் சரிபார்க்க வேண்டும்: யார் நகர்த்த வேண்டும் என்பது, காஸ்லிங் உரிமைக்கான நான்கு பெட்டிகள். பெட்டிகளில் டிக் இல்லாவிட்டால் ராஜாவும் யானையும் தம் இடத்திலேயே இருந்தாலும் காஸ்லிங் நடக்காது. பத்தாவது நகர்வில்தான் அது தெரியவரும். அதுவரை விளையாடியது வீண். முதல் நகர்விலிருந்து வரிசையாக வைத்து அந்த நிலைக்கு வந்தால் இந்தத் தொல்லையே இல்லை.